மீந்த மூன்று புட்டிகள்

நாற்பத்து மூன்று புட்டிகளில்
ஆளுக்கு இருபது எடுத்துக்கொண்டோம்,
சண்டையில்லாமல்.
மீந்த மூன்றை
ஜெரோமும் விடவில்லை, நானும் விடவில்லை.
விவாகரத்துப் பத்திரம் எழுதிய நொத்தேர்
பேனாவை மூடி வைத்துவிட்டு
"குடித்துத் தீருங்கள்" என்றார்.
எட்டு மாதத்தில்
அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை.

ஆகவே இந்த ஜூலைச் சனிக்கிழமை,
சேன்-பியேர் ஊரின் கிழக்கே, தெர்-சேந்த்தில்,
விற்றாகிவிட்ட வீட்டின் மொட்டைமாடியில்
விற்காத ஒரே மேசை.
பதினொன்றரைக்கு உட்கார்ந்தோம்.
கீழே ஆலமரத்தடியில் மீனவர்கள்
டோமினோக் கட்டைகளை அறைந்து அறைந்து ஆடுகிறார்கள்.
காற்று தென்கிழக்கிலிருந்து.
விரிப்பு பறக்காமல் மூலைக்கு ஒரு கருங்கல்,
நம் எரிமலை எப்போதோ துப்பியது.

முதலில் சான்லூகாரின் மன்சனில்லா.
தேனிலவில் வாங்கினோம்.
கடைக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு
ஸ்பானிய மொழியில் ஏதோ கெஞ்சினாள்.
வாழ்த்துகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினோம்.
நல்ல நாளுக்கென்று ஒன்பது ஆண்டு வைத்திருந்தோம்.
சீக்கிரம் குடித்துவிடுங்கள் என்றிருக்கிறாள், பாவம்.

வைக்கோல் நிறம் இருக்க வேண்டியது
ஊற்றினால் பழைய பித்தளை.
மோந்தேன்: நமுத்த நிலக்கடலை.
ஜெரோம் ஒரு வாய் பருகிவிட்டு
கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"செத்து நாலைந்து வருஷம் இருக்கும்."
சிரிப்பைத் தொடங்கியது நான்தான்.
மிச்சத்தைக் கோழிக்கறியில் கவிழ்த்தேன்.
கோழி ஒன்றும் சொல்லவில்லை.

சோறு, சிலாவோஸ் பருப்பு,
முருங்கைக் கீரை, தக்காளி ரூகாய்.
எங்கள் காரைக்கால் ஊறுகாய்தான்
கப்பலேறி, பேரும் குணமும் மாறி
இவர்கள் வீட்டில் ரூகாய் ஆனது.
வீராப்பின் என்று குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஜெரோம்
பத்தாண்டில் என்னிடம் கற்ற தமிழ்
பன்னிரண்டு சொல்.
பன்னிரண்டும் தின்பது.

அடுத்தது எட்னாச் சரிவின் சிவப்பு:
நெரெல்லோ மஸ்கலேசே.
பேரைச் சொல்லும்போதே நாக்கு பாதி நனைகிறது.
நிறம் குறைச்சல்,
கோப்பைக்கு அப்புறம் அவன் விரல்கள் தெரிந்தன.
புளித்த செர்ரி, ஆரஞ்சுத் தோல்,
விழுங்கிய பிறகு மெல்ல
அணைந்த அடுப்பின் கல்.
எரிமலைக்காரர்கள் எரிமலைக்காரர்களுக்கு அனுப்பியது.
மேசை மூலைக் கல்லை எடுத்து மோந்து பார்த்தான்,
ஒரு வாய் குடித்தான், மறுபடி மோந்தான்.
நான் நக்கியே பார்த்தேன்.
உப்புதான்.

யாருக்கு முதலில் சலித்தது
என்ற பேச்சு வரும் போலிருந்தது.
கீரை தீர்ந்துவிட்டதா என்றான்.
தீரவில்லை.

இரண்டரை மணிக்கு "கஷலோ!" என்று கத்தினான்.
கடல் பக்கம் பாய்ந்து திரும்பினேன்.
முதுகுக்குப் பின்னால், மேட்டுச் சாலையில்,
கரும்பு லாரி முனகிக்கொண்டு போனது.
அதற்கும் இங்கே திமிங்கிலம் என்றுதான் பேர்.
ஒவ்வொரு ஜூலையும் இதே வேடிக்கை.
ஒவ்வொரு ஜூலையும் திரும்பிப் பார்க்கிறேன்.

நான்கு மணிக்கு மூன்றாவது, பான்தெல்லேரியா.
காற்றுக்கு அஞ்சிக் குழிக்குள் கொடி வளர்க்கும் தீவாம்.
வெயிலில் சுருங்கிய திராட்சையின் பொன்.
அன்னாசித் துண்டுக்கு மிளகாய் உப்புத் தொட்டு
ஒரு கடி, ஒரு துளி.
அத்திப்பழம் என்றேன். பாதாமி என்றான்.
இன்னும் ஒரு துளி ஊற்றி, மாற்றிச் சொன்னோம்:
நான் பாதாமி, அவன் அத்தி.

பாதிதான் முடிந்தது.
கார்ச் சாவியை என்னிடமே வைத்துவிட்டு
பஸ்ஸுக்குக் கிளம்பினான்.
தக்கையை மூடப் பார்த்தேன்.
உள்ளே இருந்த முனை உப்பிப்போய்
மறுபடி நுழையமாட்டேன் என்றது.
அவன் வாங்கி, தலைகீழாகத் திருப்பி,
உள்ளங்கையால் ஒரு தட்டு.

"நீ எடுத்துக்கொள்" என்றோம்,
இருவரும், ஒரே நேரத்தில்.
"இல்லை, நீ."
நொத்தேரைத்தான் மறுபடி கூப்பிட வேண்டும்.

கீழே மஞ்சள் பஸ் நின்று, ஹாரன் அடித்து, போனது.
அடுத்தது ஆறரைக்கு.